பூண்டு காக்குமா, ஊசி காக்குமா?

மாணவர்களே, உங்கள் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் இவற்றில் ஒன்றையாவது கேட்டிருப்பீர்கள். "சோற்றில் பூண்டைத் தட்டிப் போடு, உண்ணி அண்டாது." "வயிறு சரியில்லையா? மஞ்சள் கலக்கிக் கொடு." "வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு எதற்கு ஊசி?" சொன்னவர் பாட்டியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு மாமாவாக இருக்கலாம், கைப்பேசியில் வந்த காணொளியாகவும் இருக்கலாம். எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். "மருந்து என்றால் ரசாயனம்; இது இயற்கை, கெடுதல் செய்யாது" என்பது அவர்கள் நம்பிக்கை.

'இயற்கை' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இயல், இயல்பு, இயற்கை ஆகிய மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை. செடியில் விளைந்தது என்பதற்காக ஒரு பொருள் நாய்க்கு இயற்கை மருந்து ஆகிவிடாது. அரளியும் செடியில்தான் பூக்கிறது. அதன் இலை நாயையும் கொல்லும், மனிதனையும் கொல்லும். ஒரு விலங்கின் உடல் எப்படி இயங்குகிறதோ, அந்த இயல்புக்கு ஒத்துப் போவதே அதற்கு இயற்கை முறை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, நாயையும் பூனையையும் நோய் வருமுன் காப்பது எப்படி என்று பார்ப்போம். நம் பினாங்கு மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்விலிருந்தே தொடங்குவோம்.

2015: பினாங்கு கற்ற பாடம்

தாய்லாந்து எல்லையை ஒட்டிய பகுதிகளில் 1950களிலிருந்தே நம் நாடு ஒரு தடுப்பு வளையத்தை வைத்திருந்தது. அந்தப் பகுதியில் உள்ள நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய் தெற்கே இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். அதனால் பல ஆண்டுகள் அந்த நோயின் பெயரே நமக்கு மறந்து போயிருந்தது. 2015-இல் அந்த வேலி உடைந்தது. முதலில் பெர்லிஸ், பிறகு கெடா, செப்டம்பரில் பினாங்கு என நாய்களிடம் ரேபிஸ் கண்டுபிடிக்கப்பட்டது.

மாநில அரசு தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல முடிவெடுத்தது. விலங்கு நல அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. "மனித உயிர் முக்கியம்" என்றது ஒரு தரப்பு. "ஊசி போட்டால் இரண்டு உயிரும் பிழைக்குமே" என்றது மறு தரப்பு. நாளிதழ்களில் பல வாரங்கள் இந்த விவாதம் ஓடியது. அதற்கிடையே ஆயிரக்கணக்கான நாய்கள் உயிரிழந்தன.

அறிவியல் இதற்கு என்ன பதில் சொல்கிறது? இந்தோனேசியாவின் பாலித் தீவைப் பார்க்கலாம். அங்கே 2008-இல் ரேபிஸ் நுழைந்தது. முதலில் நாய்களைக் கொன்றார்கள். நோய் தீவு முழுவதும் பரவியது. நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் இறந்தார்கள். பிறகு 2010-இல் தீவு முழுக்க நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபோதுதான் நோய் குறைந்தது.

ஏன் இப்படி? ஒரு தெருவிலிருந்து நாய்களை அகற்றினால் அந்த இடம் காலியாகிறது. அங்கே உணவும் குப்பையும் இருப்பதால் வேறு நாய்கள் வந்துவிடும். அவை ஊசி போடாத நாய்களாக இருக்கலாம். சிலர் தங்கள் நாய் பிடிபடக்கூடாது என்று அதை வேறு ஊருக்குக் கொண்டு போவார்கள். வைரஸும் அதோடு பயணிக்கும். ஊசி போட்ட நாயோ தன் தெருவைக் காத்துக்கொண்டு அங்கேயே இருக்கும். வைரஸ் அதைத் தாண்டிப் போக முடியாது.

ஒரு சின்னக் கணக்கு

உலகச் சுகாதார நிறுவனம் ஒவ்வோர் ஊரிலும் 70 விழுக்காடு நாய்களுக்கு ஊசி போடச் சொல்கிறது. இந்த 70 எங்கிருந்து வந்தது?

ரேபிஸ் பிடித்த ஒரு நாய், சராசரியாக ஒன்று முதல் இரண்டு நாய்களுக்கே நோயைப் பரப்புகிறது என்று கள ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஊரில் பாதி நாய்கள் ஊசி போட்டவை என்றால், அது கடிக்கும் இரண்டில் ஒன்று தப்பிக்கும். ஒரு நோயாளிக்கு ஒரு நோயாளி என்ற நிலை வரும். பாதிக்கு மேல் போட்டால் நோய் தானாகத் தேய்ந்து மறையும்.

அப்படியானால் 50 விழுக்காட்டுக்குச் சற்று மேல் போதுமே, ஏன் 70? நாயின் ஆயுள் குறைவு. ஊசி போட்ட நாய்கள் இறந்துகொண்டே இருக்கும், ஊசி போடாத குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். இன்று 70 என்றால் ஓராண்டில் அது சரிந்துவிடும். அடுத்த ஊசி முகாம் வரும்வரை பாதிக்குக் கீழே இறங்காமல் இருக்கவே இந்தக் கூடுதல் இருப்பு. கருத்தடை அறுவையும் இதற்கு உதவும்: குட்டிகள் குறைந்தால் அந்தச் சரிவும் மெதுவாகும்.

பினாங்கு நிகழ்வுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017-இல், சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் ரேபிஸ் வெடித்தது. முதலில் இறந்தவர்கள் சிறு குழந்தைகள். அதன் பிறகு அந்த மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இந்த நோய்க்குப் பலியாகியிருக்கிறார்கள். அறிகுறி தோன்றிவிட்டால் ரேபிஸுக்கு மருந்து இல்லை. பிழைத்தவர்கள் மிக மிகச் சிலர். உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு நாய்களின் வழியாகவே வருகிறது.

ஊசி உடலுக்கு என்ன செய்கிறது?

தடுப்பூசியைச் செயற்கை என்று நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஊசியில் உள்ள மருந்து எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. கொல்வது நாயின் சொந்த வெள்ளை அணுக்கள்தான். செயலிழந்த வைரஸை அவற்றுக்கு முன்கூட்டியே காட்டி, "இவன்தான் திருடன், முகத்தை நினைவில் வைத்துக்கொள்" என்று சொல்வது மட்டுமே ஊசியின் வேலை. உண்மையான திருடன் வரும்போது உடல் தன் இயல்பான சக்தியால் அவனை வெல்கிறது. இதைவிட இயற்கையான மருத்துவம் எது?

1885-இல் லூயி பாஸ்டர் பிரான்சில் ஒரு சிறுவனுக்கு இந்த ஊசியை முதலில் போட்டார். 1907-இல் தமிழ்நாட்டின் குன்னூர் மலையில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொள்ளத் தென்னிந்தியாவெங்குமிருந்து மக்கள் அந்த மலைக்குப் பயணம் செய்தார்கள். இன்று உங்கள் தாமானுக்குப் பக்கத்து கிளினிக்கிலேயே அது கிடைக்கிறது.

குட்டி நாய்க்கு ஏன் ஒரே ஊசி போதாது என்று பலர் கேட்பதுண்டு. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டிக்குக் கிடைக்கின்றன. இதுவும் இயற்கை தந்த கவசம்தான். ஆனால் அந்தக் கவசம் இருக்கும்வரை, ஊசி மருந்தையும் அது எதிரி என்று எண்ணி அழித்துவிடும். கவசம் எந்த வாரத்தில் கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ரேபிஸ் ஊசி பொதுவாக மூன்று மாதத்தில் தொடங்கும்.

இந்த வரிசையை நடுவில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? பார்வோ வைரஸ் காத்திருக்கிறது. 1970களுக்கு முன் இந்த நோய் நாய்களிடம் இல்லை. பூனைகளின் ஒரு வைரஸை ஒத்த ஒன்றிலிருந்து மாறி வந்து, 1978-க்குள் உலகம் முழுதும் பரவியது. இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு, வாந்தி என்று சில நாட்களில் குட்டிகளைக் கொல்லும். மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். நம் செருப்பில் ஒட்டிக்கொண்டும் வீட்டுக்குள் வரும். பூனைகளைத் தாக்கும் அதன் உறவுக்கார வைரஸும் அப்படித்தான். வாசல் தாண்டாத பூனைக்கும் ஊசி வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

கடிபட்டால் மஞ்சள் வேண்டாம், சவர்க்காரம் போதும்

நாய் கடித்த இடத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்த்தூளோ வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. அது புண்ணை எரிச்சலூட்டும். வைரஸை ஒன்றும் செய்யாது. வீட்டில் இருக்கும் வேறொரு பொருள் உண்மையிலேயே உதவும். அதுதான் சவர்க்காரம்.

ரேபிஸ் வைரஸின் வெளியுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தில் சவர்க்காரம் என்ன செய்கிறதோ, அதையே இங்கும் செய்கிறது: கொழுப்பைக் கரைக்கிறது. உறை கிழிந்த வைரஸ் செத்த வைரஸ். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேரே அரசாங்க கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டும். இந்த வைரஸ் இரத்தத்தில் ஓடாமல் நரம்பின் வழியாக மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. அந்தப் பயணக் காலம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. "சின்னக் கீறல்தானே, வீட்டில் சொன்னால் திட்டுவார்கள்" என்று மறைத்துவிடாதீர்கள். திட்டு வாங்கினால் பிழைத்துக்கொள்ளலாம்.

பூண்டு ஏன் நாய்க்கு ஆகாது?

இனி நம் பூண்டுக்கு வருவோம். நமக்கு நல்லது செய்யும் பூண்டு நாய்க்கும் பூனைக்கும் ஏன் கெடுதல்? வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள், சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகின்றன. சேதமடைந்த ஹீமோகுளோபின் உறைந்து சிறு சிறு கட்டிகளாக அணுவின் சுவரில் ஒட்டும். அந்த அணுக்களை உடல் பழுதானவை என்று எண்ணி அழித்துவிடும். விளைவு இரத்தச்சோகை.

இதில் ஒரு வேதியியல் நுட்பம் இருக்கிறது. ஹீமோகுளோபினில் இப்படித் தாக்கப்படக்கூடிய கந்தக முனைகள் மனிதனுக்கு இரண்டு, நாய்க்கு நான்கு, பூனைக்கு எட்டு. அதனால்தான் நாம் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடும் பூண்டு நாயைச் சோர்வடையச் செய்கிறது, பூனையைப் படுக்க வைக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாய்களுக்கு ஏழு நாட்கள் பூண்டுச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் சிவப்பணுக்கள் சேதமடைந்திருந்தன. பூண்டை நாய்களுக்குக் கொடுக்கக்கூடாது என்பதே அவர்கள் முடிவு.

சமைத்தாலும் இந்த நஞ்சு போகாது. எனவே மீந்துபோன சாம்பார் சோறு, பூண்டு ரசம், கோழிக்குழம்பு ஆகியவற்றை நாய்த்தட்டில் கொட்டும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் அதன் இதயத்தைப் படபடக்க வைக்கும். தீபாவளிப் பலகாரத் தட்டை அது எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நம் மருந்துப் பெட்டியும் அப்படியே. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை நஞ்சு நீக்கி வெளியேற்றும் நொதி நம் கல்லீரலில் உண்டு. பூனையிடம் அதற்கான மரபணு வேலை செய்வதில்லை.

பூனை ஒரு சின்ன நாய் அல்ல

உணவிலும் இயல்பு அறிந்து நடக்க வேண்டும். மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த நாய், நம் சோற்றுக்கும் பழகிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே உள்ளன. நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

பூனை அப்படி மாறவில்லை. அது இன்னமும் முழு ஊனுண்ணி. டாரின் என்ற சத்தை நாம் உடலிலேயே தயாரித்துக்கொள்கிறோம். பூனையால் போதிய அளவு தயாரிக்க முடியாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அது கிடைக்க வேண்டும். 1980களில் அமெரிக்காவில், கடைகளில் விற்ற பூனைத் தீனி சாப்பிட்ட பூனைகளே இதயம் வீங்கி இறந்தன. டாரின் குறைபாடுதான் காரணம் என்று 1987-இல் கண்டுபிடித்தார்கள். தீனியில் அதைக் கூட்டிய பிறகு அந்த இதயநோய் அரிதாகிவிட்டது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் 'ஏ'-ஆக மாற்றவும் பூனைக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் சைவம் என்றாலும், பூனையைத் தயிர்ச்சோற்றில் மட்டும் வளர்க்காதீர்கள். உங்கள் கொள்கையை அதன் இதயம் தாங்காது.

மீன் கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். புக்கிட் தம்புன் கரையிலிருந்து வரும் மீன் எவ்வளவு புதியதாக இருந்தாலும், பச்சையாகவே தினமும் கொடுக்கக்கூடாது. சில மீன்களில் வைட்டமின் 'பி1'-ஐ அழிக்கும் நொதி உண்டு. குறைபாடு முற்றினால் பூனை தள்ளாடும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

உண்ணியும் கொசுவும்

பூண்டு கூடாது என்றால் உண்ணிக்கு என்ன செய்வது? எதிரியின் வாழ்க்கையைப் படியுங்கள். நாயின் பழுப்பு உண்ணி இரத்தம் குடித்து முடித்ததும் நாயை விட்டு இறங்கிவிடும். சுவர் வெடிப்பிலும் கூண்டின் இடுக்கிலும் ஒளிந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டி என்ன பயன்? வெடிப்புகளைச் சிமெண்டால் அடைப்பது, கூண்டைக் கொதிநீரால் கழுவுவது, படுக்கைத் துணியை வெயிலில் காய வைப்பது, தினமும் காது மடலிலும் விரலிடுக்கிலும் தடவிப் பார்ப்பது ஆகியவை செலவில்லாத தடுப்பு முறைகள். கடித்த உண்ணி சில மணி நேரத்திலேயே எர்லிக்கியா என்ற இரத்தக் கிருமியைச் செலுத்திவிடும் என்பதால் தினமும் பார்ப்பது அவசியம். அடர்ந்த வேப்பெண்ணெயோ தேயிலை மர எண்ணெயோ பூனை மேல் தடவாதீர்கள். அது உடலை நக்கி நக்கியே அவ்வளவையும் விழுங்கிவிடும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் பூனைக்கு நஞ்சு.

கொசுவைப் பொறுத்தவரை ஒரு சுவையான செய்தி. நம் சாலையோரங்களில் முளைக்கும் குப்பைமேனிக்குத் தமிழில் 'பூனைவணங்கி' என்றும் பெயர் உண்டு. மலாய்க்காரர்கள் 'குச்சிங் காலாக்' என்பார்கள். அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை முகத்தைத் தேய்த்துக்கொண்டு தரையில் உருளும். ஜப்பானில் 'மத்தாத்தாபி' என்ற கொடிக்குப் பூனைகள் இப்படியே மயங்குகின்றன. 2021-இல் இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் காரணத்தை ஆராய்ந்தார்கள். அந்தக் கொடியில் தேய்த்துக்கொண்ட பூனைகளின் மேல் கொசுக்கள் குறைவாகவே உட்கார்ந்தன. பூனை தன் இயல்பால் கொசு விரட்டியைப் பூசிக்கொள்கிறது!

ஆனால் அந்த வாசனை விரைவில் போய்விடும். நம் வெப்ப நாட்டில் கொசு ஆண்டு முழுதும் உண்டு. கொசு வழியாகப் பரவும் இதயப்புழு, ஆறேழு மாதங்களில் நாயின் இதயத்தில் 30 சென்டிமீட்டர் வரை வளரும். மாதம் ஒருமுறை கொடுக்கும் தடுப்பு மருந்து அதைக் குழவிப் பருவத்திலேயே கொன்றுவிடும். அவற்றில் ஒன்றான ஐவர்மெக்டின் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானில் சத்தோஷி ஒமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரி ஒன்றிலிருந்து. 2015-இல் அவருக்கும் வில்லியம் கேம்பெலுக்கும் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது. அதே மருந்து அளவு மீறினால் நஞ்சு. கோலி இன நாய்கள் சிலவற்றுக்கு மரபணுக் குறையால் சிறிதளவு கூடினாலே ஆபத்து. மண்ணில் பிறந்த மருந்தானாலும் மருத்துவர் சொல்லும் அளவில்தான் கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு கள வேலை

நான் பணியாற்றும் சிம்பாங் அம்பாட் போன்ற ஊர்களில் தாமான்களும் செம்பனைத் தோட்டங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. வீட்டு நாயும் தெருநாயும் கலந்தே திரிகின்றன. எனவே இந்த விடுமுறையில் ஒரு கணக்கெடுப்பு செய்து பாருங்கள். பெற்றோரில் ஒருவரை அழைத்துக்கொண்டு உங்கள் வரிசை வீடுகளில் கேளுங்கள்: எத்தனை நாய்கள் உள்ளன? அவற்றில் எத்தனைக்குக் கடந்த ஓராண்டில் ரேபிஸ் ஊசி போடப்பட்டது? ஊசி அட்டையைக் காட்டச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். தெரியாத நாயின் அருகே போகாதீர்கள், தொடாதீர்கள்.

ஊசி போட்டவற்றை மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். விடை 70-க்கு மேல் வந்தால் அந்த வீட்டாரிடம் சொல்லி மகிழுங்கள். கீழே வந்தால் எத்தனை நாய்கள் குறைகின்றன என்று கணக்கிட்டு, குடியிருப்பாளர் சங்கத்திடம் அந்தத் தாளைக் கொடுங்கள். பல வீடுகள் சேர்ந்து அழைத்தால் கால்நடை மருத்துவர் ஒரே நாளில் வந்து போட்டுவிட்டுப் போகலாம். கணக்கெடுப்பை உங்கள் வீட்டு நாயின் ஊசி அட்டையிலிருந்தே தொடங்குங்கள்.